பாதை வெட்டியவருக்குப் பட்டா இல்லை

கேள்வி இதுதான்: "காலனி காலத்து அமெரிக்காவில் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களாகவும் இருந்திருக்கிறார்களே, துப்பாக்கியும் கோடாலியுமாக அலைந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை? அவர்கள் வாழ்க்கை உண்மையில் எப்படி இருந்தது?"

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன்: டேனியல் பூன். பெயரைக் கேட்டதும் ரக்கூன் தோல் தொப்பி வைத்த வேட்டைக்காரர் நினைவுக்கு வரலாம். அந்தத் தொப்பியை அவர் தலையில் வைத்தது பிற்காலத்து டிவி. எளிமையை வலியுறுத்தும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் குடும்பத்தில் வளர்ந்த பூன் வைத்திருந்தது அகன்ற விளிம்புள்ள ஃபெல்ட் தொப்பி. இதே ஆள் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு 3 முறை, 3 வெவ்வேறு கவுண்டிகளிலிருந்து (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்), தேர்வானவர். அதற்கும் முன்னால், சுதந்திரப் பிரகடனம் வருவதற்கு ஓராண்டு முன்பே, ஒரு மரத்தடிச் சட்டமன்றத்திலும் உட்கார்ந்தவர். அந்த மரத்தடிக்குப் பிறகு வருகிறேன்.

1734இல் பென்சில்வேனியாவில் பிறந்தார். அப்பா ஸ்கொயர் பூன் நெசவும் கொல்லுவேலையும் தெரிந்தவர், இங்கிலாந்திலிருந்து வந்தவர். பிள்ளைகள் குவேக்கர் அல்லாதவர்களைக் கட்டிக்கொண்டதில் சபையோடு மனத்தாங்கல். அதுவும் காரணமாக, 1750 வாக்கில் குடும்பம் தெற்கே வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடம் என்று பெரிதாக இல்லை. எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் எழுத்துக்கூட்டல் முழுக்கக் காது சொன்னபடிதான். பின்னாளில் கவர்னர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும்.

அந்த ஊரில் பிழைப்பு இரண்டு பருவமாக நடந்தது. கோடையில் மக்காச்சோளம். இலையுதிர் காலம் வந்ததும் ஆண்கள் குதிரைகளில் உப்பும் வெடிமருந்தும் கட்டிக்கொண்டு அப்பலாச்சியன் மலைக்கு அப்பால் போய்விடுவார்கள். மாதக்கணக்கில் வரமாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு "நெடுவேட்டைக்காரர்கள்" என்றே பெயர். மான்தோல்தான் கையில் காசு தரும் ஒரே சரக்கு. ஒரு நல்ல ஆண்மான் தோலுக்குச் சுமார் ஒரு டாலர். அமெரிக்கர்கள் இன்றும் டாலரை "பக்" என்று சொல்வது அந்த ஆண்மானின் பெயரிலிருந்துதான் வந்தது என்பார்கள்.

1769 மே மாதம் பூன் ஐந்தாறு பேரோடு கம்பர்லாந்து கணவாய் வழியாகக் கெண்டக்கிக்குள் நுழைந்தார். வீடு திரும்பியது 1771இல். இடையில் 1769 டிசம்பரில் ஷாவ்னி என்ற பழங்குடி மக்கள் அவரைப் பிடித்து, சேர்த்து வைத்திருந்த தோல்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, இது எங்கள் வேட்டைக்காடு, திரும்பி வந்தால் குளவி கொட்டும் என்று சொல்லி விட்டுவிட்டதாகக் கதை உண்டு. இதைக் கொள்ளை என்று எழுதிவைத்தவர்கள் அதிகம். ஷாவ்னிகள் கண்ணால் பார்த்தால், திருட்டு வேட்டைக்காரனைப் பிடித்து அபராதம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசே 1763இல் உத்தரவு போட்டிருந்ததையும் மறந்துவிடக் கூடாது.

சரி, இவர் இரண்டு வருடம் காட்டில் இருந்தபோது வீட்டை யார் பார்த்தது? ரெபெக்கா. 1756இல் கல்யாணம், 10 பிள்ளைகள். வயலை உழுவது, மாட்டைக் கறப்பது, தறி நெய்வது, கறிக்குச் சின்ன மிருகங்களைச் சுடுவது வரை எல்லாம் அவர் கை. குடியேறியவர் வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது டேனியலை அல்ல, ரெபெக்காவைத்தான். 1773இல் கெண்டக்கிக்குக் குடும்பத்தோடு போக முதல் முயற்சி எடுத்தபோது, மாவும் மாடுகளும் கொண்டுவரப் பின்னால் தங்கிய கூட்டத்தில் மூத்த மகன் ஜேம்ஸ் இருந்தான். 16 வயது. விடியற்காலையில் நடந்த தாக்குதலில் அவனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அடக்கம் செய்யப் போனவர்களிடம் ரெபெக்கா வீட்டுப் படுக்கைத் துணிகளைக் கொடுத்தனுப்பினாராம், பிள்ளையைச் சுற்றி மண்ணில் வைக்க. பயணம் அதோடு நின்றது.

இப்போது மரத்தடி. ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற வட கரோலினா நீதிபதி 1775 மார்ச்சில் செரோக்கிப் பழங்குடித் தலைவர்களிடம், 10,000 பவுண்டு மதிப்பு என்று சொல்லிச் சரக்குகளைக் கொடுத்து, ஏறக்குறைய 2 கோடி ஏக்கரை வாங்கியதாக ஒப்பந்தம் போட்டார். ஒரு தனியார் கம்பெனி, பெயர் டிரான்சில்வேனியா. செரோக்கிகளிலேயே டிராகிங் கனூ போன்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஷாவ்னிகளை யாரும் கேட்கவே இல்லை. பிரிட்டிஷ் சட்டப்படியும் இந்தக் கிரயம் செல்லாது. பூன் அந்தக் கம்பெனியின் ஆளாக, சுமார் 30 கோடாலிக்காரர்களோடு முன்னே போய்க் கணவாய் வழியாகப் பாதை வெட்டினார். பாதை என்றால் வண்டி போகும் பாதை இல்லை. குதிரை ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற அளவுக்குப் புதரை வெட்டி, மரங்களில் பட்டையைச் சீவி அடையாளம் வைத்தது. மார்ச் 25 விடிவதற்குள் முகாமில் தாக்குதல். வில்லியம் ட்விட்டி என்பவரும் அவரது அடிமையாக இருந்த சாமும் செத்தார்கள். மலையைத் தாண்டிய கோடாலிகளில் அடிமைகள் பிடித்த கோடாலிகளும் இருந்தன.

ஏப்ரலில் கெண்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோ என்ற கோட்டைக் குடியிருப்பு எழுந்தது. மே 23 அன்று ஹெண்டர்சன் சட்டமன்றத்தைக் கூட்டினார். கட்டடம் ஏது? ஒரு பெரிய எல்ம் மரத்தின் நிழல்தான் அவை. 4 குடியிருப்புகளிலிருந்து வந்த பிரதிநிதிகள் சில நாளில் 9 சட்டங்களை நிறைவேற்றிவிட்டார்கள்: நீதிமன்றம், படை, குற்றத்துக்குத் தண்டனை, கடன் வசூல், கெட்ட வார்த்தை பேசுவதற்கும் ஞாயிறு ஓய்வை மீறுவதற்கும் தடை. கூரைகூடச் சரியாகப் போடாத ஊரில் கெட்ட வார்த்தைக்குச் சட்டம்! பூன் கொண்டுவந்த மசோதாக்கள் இரண்டு. ஒன்று வேட்டை விலங்குகளைக் காப்பது, இன்னொன்று குதிரை இனத்தை மேம்படுத்துவது. தம்பி ஸ்கொயர் பூன் (அப்பாவின் பெயர்தான் இவருக்கும்) கொண்டுவந்தது மேய்ச்சல் நிலத்தைக் காக்கும் மசோதா.

வேட்டைக்காரர் வேட்டைக்குக் கட்டுப்பாடு கேட்டது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வந்த வேகத்தில் காட்டெருமைகளைச் சுட்டுத் தள்ளி, நாக்கும் நல்ல கறியும் போக மீதியை அப்படியே விட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கறிக்காக நாளுக்கு நாள் தூரமாகப் போக வேண்டியிருந்தது. விலங்கு எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைகிறது என்று அந்தக் கூட்டத்தில் கணக்குத் தெரிந்த ஆள் பூன். இதுதான் உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில். சட்டமன்றத்துக்கு இவர்கள் கொண்டுபோனது புத்தகப் படிப்பு அல்ல, உப்பு ஊற்று எங்கே, ஆற்றைக் கடக்கும் துறை எங்கே, யாரிடம் எத்தனை துப்பாக்கி என்கிற அறிவு. (குதிரை மசோதாவைப் பொறுத்தவரை, கெண்டக்கி பின்னாளில் பந்தயக் குதிரைக்குப் பெயர் வாங்கியது. அதை இந்த மசோதாவோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நான் போடமாட்டேன்.)

டிரான்சில்வேனியா நீடிக்கவில்லை. 1776 டிசம்பரில் வர்ஜீனியா கெண்டக்கியைத் தன் கவுண்டியாக்கியது, 1778இல் ஹெண்டர்சனின் கிரயத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அவருக்கு நஷ்ட ஈடாக 2 லட்சம் ஏக்கர் கிடைத்தது. பாதை வெட்டிய கூலியாக அவர் பூனுக்கு வாக்களித்திருந்த 2,000 ஏக்கர் காற்றோடு போயிற்று. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இது முதல் தடவைதான்.

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர்க்கதைகளை வேகமாகத் தாண்டுகிறேன். 1776 ஜூலையில் மகள் ஜெமைமாவையும் காலவே வீட்டுப் பெண்கள் இருவரையும் ஷாவ்னி, செரோக்கி ஆட்கள் படகிலிருந்து கடத்திப் போனார்கள், பூனும் ஆட்களும் மூன்றாம் நாள் மீட்டார்கள். 1777இல் பூனின் கணுக்காலில் குண்டு.

1778 பிப்ரவரியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அது உப்புக் கதை. உப்பு இல்லாமல் கறி தங்காது, கறி தங்காமல் குளிர்காலம் ஓடாது. அதனால் 30 பேர் போல லிக்கிங் ஆற்றங்கரையில் இருந்த புளூ லிக்ஸ் ஊற்றுக்குப் பெரிய கொப்பரைகளோடு போய், இரவும் பகலும் விறகு எரித்து உப்புக் காய்ச்சினார்கள். அந்த ஊற்றுநீரில் உப்பு அவ்வளவு வீரியமில்லை. பல நூறு கேலன் வற்றினால்தான் ஒரு புஷல் (சுமார் 35 லிட்டர் அளவு) சேரும். வேட்டைக்குப் போன பூன் தனியாகச் சிக்கினார். ஷாவ்னிப் படை கோட்டையை நோக்கிப் போவதைத் தெரிந்துகொண்டு, அதைத் திசைதிருப்ப உப்புக் காய்ச்சிய தன் ஆட்களைச் சண்டையில்லாமல் சரணடையச் சொன்னார். கோட்டை தப்பியது. அவரோ ஷாவ்னித் தலைவர் பிளாக்ஃபிஷின் சுவீகார மகனானார். பெயர் ஷெல்டோவி, பெரிய ஆமை என்று அர்த்தம். ஜூனில் தப்பி, 160 மைலை 4 நாளில் கடந்து வந்து பார்த்தால் வீடு காலி. கணவன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி ரெபெக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வட கரோலினாவுக்கே போய்விட்டார். கல்யாணமாகியிருந்த ஜெமைமா மட்டும் கோட்டையில் இருந்தாள். செப்டம்பரில் முற்றுகை வந்தது, 10 நாளுக்கு மேல் தாங்கினார்கள். முடிந்த கையோடு, ஆட்களைக் காட்டிக்கொடுத்தார் என்று பூன் மேல் ராணுவ விசாரணை. குற்றம் சுமத்தியவர்கள் சக அதிகாரிகள். விசாரணை அவரை விடுவித்தது மட்டுமல்ல, மேஜராகப் பதவி உயர்வும் வந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை என்கிறார்கள்.

1780 நவம்பரில் கெண்டக்கி 3 கவுண்டிகளாகப் பிரிந்தது. பூன் ஃபயட் கவுண்டிப் படையின் லெப்டினன்ட் கர்னல், 1781 ஏப்ரலில் சட்டமன்ற உறுப்பினர், 1782இல் ஷெரிஃப். ஒரே ஆளுக்கு எத்தனை நாற்காலி என்று தோன்றும். அந்தக் காலத்து வர்ஜீனியாவில் கவுண்டிக்கு 2 உறுப்பினர். நிலம் உள்ள ஆண்கள் வந்து, எல்லார் எதிரிலும் வாய்விட்டுப் பெயர் சொல்லி ஓட்டுப் போடுவார்கள். ரகசிய வாக்கெடுப்பு இல்லை. சண்டையில் பக்கத்தில் நின்ற கர்னலின் முகத்துக்கு நேரே வேறு பெயரைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? தவிர, சபைக்குப் போகத் தயாராக இருந்தவர்களும் குறைவு. தலைநகர் ரிச்மண்ட் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும், வழியில் எங்கே யார் சுடுவார்கள் என்பது தெரியாது.

அப்படிப் போன முதல் முறையே சட்டமன்றமே ஊர்விட்டு ஓடிக்கொண்டிருந்தது! பிரிட்டிஷ் படை நெருங்கியதால் சட்டமன்றம் ரிச்மண்டை விட்டு சார்லட்ஸ்வில்லுக்குப் போயிருந்தது. 1781 ஜூன் 4 காலையில் டார்ல்டனின் குதிரைப்படை அங்கேயும் வந்துவிட்டது. ஜாக் ஜூவட் என்பவர் ராத்திரியோடு ராத்திரியாக 40 மைல் குதிரை ஓட்டி எச்சரித்ததால் கவர்னர் தாமஸ் ஜெஃபர்சன் உட்படப் பெரும்பாலோர் தப்பினார்கள். சிக்கிய சிலரில் பூன் ஒருவர். அரசு ஆவணங்களை வண்டியில் ஏற்ற உதவிக்கொண்டு கடைசிவரை நின்றார் என்றும், காட்டுவாசி உடையில் சாதாரண ஆள் போல நழுவப் பார்த்தபோது கூட வந்தவர் "கேப்டன்" என்று கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். சில நாள் வைத்திருந்து, இனி சண்டையில் சேரமாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில் விட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் புளூ லிக்ஸில் நடந்த போரில், பதுங்கித் தாக்குவார்கள் என்று பூன் சொன்ன எச்சரிக்கையைக் கேட்காமல் படை ஆற்றைக் கடந்தது. அங்கே இரண்டாவது மகன் இஸ்ரேலையும் பறிகொடுத்தார்.

இனி நிலம். என் பார்வையில் இவர் வாழ்க்கையின் உண்மையான போர்க்களம் இதுதான்.

வர்ஜீனியாவின் 1779 நிலச் சட்டப்படி, 1778 ஜனவரி 1க்கு முன் குடியிருந்தோ ஒரு மக்காச்சோளப் பயிர் எடுத்தோ காட்டினால் 400 ஏக்கர், அதை ஒட்டி இன்னும் 1,000 ஏக்கருக்கு முன்னுரிமை. மற்றவர்கள் அரசிடம் காசு கட்டி வாரண்ட் என்ற சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டை வைத்து எந்த இடம் வேண்டும் என்று கவுண்டி சர்வேயரிடம் பதிவு, பிறகு அளவை, கடைசியில் கவர்னர் கையெழுத்தோடு பட்டா. நாலு படி. ஒரு படியில் வழுக்கினாலும் நிலம் இல்லை.

அரசு முதலில் அளந்து, கல் நட்டு, எண் கொடுத்துவிட்டு விற்றிருந்தால் சிக்கல் வந்திருக்காது. அங்கே வாங்குகிறவனே தனக்குப் பிடித்த இடத்தைத் தனக்குப் பிடித்த வடிவத்தில் அளந்துகொண்டான். எல்லைக்கல்லுக்குப் பதில் மரம்: இன்ன ஓடையின் முகத்துவாரத்தில் நிற்கும் வெள்ளை ஓக்கிலிருந்து இத்தனை கோல் கிழக்கே, அங்கே இரண்டு மேப்பிள். மரம் விழும், எரியும். ஒரே ஓடைக்கு ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். விளைவாக, ஓட்டுக் கூரையில் ஓடு மேல் ஓடு ஏறிக் கிடப்பது போல ஒரே மண்ணில் மூன்று நாலு பேர் பத்திரம். வில்லங்கம் இல்லாத நிலம் கிடைப்பதே அபூர்வம். உழைத்துத் திருத்தியவன் ஒருவன், பதிவு அலுவலகத்தில் முந்திப் பதிந்தவன் இன்னொருவன். யார் ஜெயிப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பூன் தானே சர்வேயராகவும் இருந்தார். 66 அடிச் சங்கிலியை இழுக்க இரண்டு பேர், மரத்தில் கொத்த ஒருவர், திசைகாட்டியோடு இவர். காட்டை அவரைப்போல் அறிந்தவர் இல்லை. ஆனால் பதிவில் எழுதிய எல்லைகள் மொண்ணையாக இருந்தன. அவர் மனதில் இருந்த மரம் காகிதத்தில் இல்லை. அவர் அளந்த நிலங்களில் வழக்கு வந்தபோது தோற்றவர்கள் அவரையே திட்டினார்கள். சாட்சிக் கூண்டுக்கு நடந்து நடந்தே வெறுத்துப்போனார். இதற்கு முன் 1780இல் இன்னொரு அடி. வாரண்ட் வாங்கித் தரச் சொல்லி நண்பர்கள் நம்பிக் கொடுத்த சுமார் 20,000 டாலரோடு கிழக்கே போனபோது, தங்கிய விடுதியில் ராத்திரி பணம் களவு போனது. சிலர் மன்னித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் திருப்பிக் கொடுத்தார்.

1784இல் ஜான் ஃபில்சன் எழுதிய கெண்டக்கி பற்றிய நூலில் பூனின் கதை வர, அட்லாண்டிக்குக்கு இரு பக்கமும் பெயர் பரவியது. அந்த நேரத்தில் அவர் ஓஹையோ ஆற்றங்கரை லைம்ஸ்டோனில் விடுதி நடத்திக்கொண்டும் குதிரை வியாபாரம் செய்துகொண்டும் இருந்தார். மருந்துக்கு ஆகும் ஜின்செங் கிழங்கை டன் கணக்கில் வாங்கிப் படகில் அனுப்பினார். கடைசிச் சந்தை சீனா. படகில் தண்ணீர் புகுந்து சரக்கு கெட்டது, தாமதத்தில் விலையும் விழுந்தது. 1787 வரிப் பதிவில் அவரிடம் 7 அடிமைகள் இருந்ததாக இருக்கிறது. சுதந்திர மனிதனின் சின்னம் என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

அதே ஆண்டு போர்பன் கவுண்டியிலிருந்து இரண்டாம் முறை சட்டமன்றம். 1791இல் மூன்றாம் முறை, இந்தத் தடவை இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் கனாவா கவுண்டியிலிருந்து. உறுப்பினராக ரிச்மண்டில் இருந்தபோதே தன் பகுதிப் படைக்கு வெடிமருந்தும் உணவும் கொண்டுபோய்க் கொடுக்கும் கான்ட்ராக்டை கவர்னருக்குக் கடிதம் எழுதி வாங்கினார். உறுப்பினரே கான்ட்ராக்டர்! அன்றைக்கு அது தவறாகவே படவில்லை. சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, புகார் எழுந்தது, கான்ட்ராக்ட் கை மாறியது. பூன் காட்டுக்குள் போய்விட்டார். சபையில் பெரிய சொற்பொழிவாளர் என்றோ சட்ட நிபுணர் என்றோ அவருக்குப் பெயர் இல்லை. நிலச் சட்டத்தின் ஓட்டைகளில் தன்னைப் போன்றவர்கள் விழுந்துகொண்டிருந்தபோது அந்த ஓட்டைகளை அடைக்க அவரால் முடியவில்லை.

1792இல் கெண்டக்கி தனி மாநிலமானது. 1796இல் பழைய பாதையை வண்டிப் பாதையாக அகலப்படுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கவர்னர் ஐசக் ஷெல்பிக்குக் கடிதம் எழுதினார்: அந்த வழியை முதலில் வெட்டியவன் நான், வேலையை எனக்குக் கொடுங்கள். கொடுக்கவில்லை. 1798இல் கெண்டக்கி ஒரு கவுண்டிக்கு பூன் என்று பெயர் வைத்தது. அதே ஆண்டு, ஒரு நில வழக்கில் சாட்சி சொல்ல வராததற்காக அவரைக் கைது செய்ய வாரண்ட் போட்டதும் அதே கெண்டக்கி.

1799இல், 65 வயதை நெருங்கும்போது, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மிசூரிக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். ஸ்பானிய அதிகாரிகள் மரியாதையாக வரவேற்று நிலம் தந்தார்கள். 1800இல் ஃபெம் ஓசாஜ் பகுதிக்கு சிண்டிக் ஆக்கினார்கள். ஏறக்குறைய ஊர் நாட்டாமையும் நீதிபதியும் சேர்ந்த வேலை. மறுபடி மரத்தடி, ஆனால் இந்தத் தடவை அவருக்குப் பிடித்த விதத்தில்: வக்கீல் இல்லை, சட்டப் புத்தகம் இல்லை, இரு தரப்பையும் கேட்டு நியாயமென்று பட்டதைச் சொல்வார். திருட்டுக்குக் கசையடி கொடுத்ததும் உண்டு.

நிலத்தை உழுது பயிர் காட்ட வேண்டும், நியூ ஆர்லியன்சில் உறுதிச்சீட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் விதி. பெரிய மனிதர், உங்களுக்கு வேண்டாம் என்று அதிகாரி சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டார். 1803இல் அந்தப் பகுதி முழுவதையும் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. பின்னாலேயே நிலக் கமிஷன் வந்து காகிதம் கேட்டது. 1809இல் அவர் கோரிக்கை தள்ளுபடி. நாடாளுமன்றத்துக்கு மனு போட்டு, 1814இல் சுமார் 850 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. ரெபெக்கா அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். செய்தி கேட்டுப் பழைய கெண்டக்கிக் கடன்காரர்கள் வந்தார்கள். பெரும்பகுதியை விற்றுக் கணக்கை முடித்தார்.

1820 செப்டம்பர் 26 அன்று, கடைசி மகன் நேதன் கட்டிய கல் வீட்டில் இறந்தார். ரெபெக்காவின் பக்கத்தில் புதைத்தார்கள், பல ஆண்டுகள் கல்லறைக் கல்லே இல்லை. 1845இல் கெண்டக்கிக்காரர்கள் வந்து இருவரின் எலும்புகளையும் தோண்டி எடுத்துத் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் அடக்கம் செய்தார்கள். அவர்கள் தோண்டியது தப்பான குழியை, பூன் இன்னும் இங்கேதான் இருக்கிறார் என்று மிசூரிக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த ஆறடி மண்ணுக்கும் இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.